வண்டிக்கு மெருகு, பிள்ளைக்கு இருமல்: பெயிண்ட் தேய்க்கும் வேலையைப் பற்றி

நம் மஹல்லாவில் கார், ஆட்டோ, வேன் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் பிள்ளையை வேலைக்கு விட்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாருக்கும் ஒரே கட்டுரை போதும் என்று நினைக்கிறோம். ஒருவர் கேட்கும் பளபளப்பை இன்னொருவரின் பிள்ளைதான் தேய்த்து எடுக்கிறான்.

எஃப்.சி. நாள் நெருங்கினால் ஆட்டோக்காரர்கள் பட்டறைக்கு ஓடுகிறார்கள். வாடகை வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. தீபத் திருவிழாவுக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் ஆள் ஏற்றும் வேன்காரர்கள் அதற்கு முன்பே வண்டியைத் தயார் செய்துகொள்கிறார்கள். நம் வீடுகளில் கல்யாணம், பெருநாள் என்றால் சொந்தக் காரையும் ஒருமுறை பாலிஷ் போட்டு நிறுத்தப் பார்க்கிறோம். ஆனால் அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது என்று கேட்டால் பெரும்பாலோர், "ஏதோ கிரீம் தடவி மெஷின் ஓட்டுவார்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

மெருகு ஏற்றுவது என்று சொல்கிறோமே தவிர, அங்கே எதுவும் ஏறுவதில்லை. மேலே இருக்கும் பூச்சில் ஒரு பகுதியைத் தேய்த்துக் கழிக்கிறார்கள். சமமான பரப்பில் படும் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பி வருகிறது. கீறலும் மேடுபள்ளமும் உள்ள பரப்பில் பட்டால் நாலா பக்கமும் சிதறுகிறது. முதலாவது கண்ணாடி மாதிரித் தெரியும், இரண்டாவது மங்கலாகத் தெரியும். ஆக, பளபளப்பு வேண்டுமென்றால் மேட்டைச் சீவிப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். தச்சர் பலகையை இழைப்பது போலத்தான். பலகை ஓர் அங்குலம் இருக்கும். வண்டியின் பூச்சு எவ்வளவு இருக்கும் தெரியுமா?

ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். கம்பெனியிலிருந்து புதிதாக வரும் காரில், தகட்டின் மேல் உள்ள எல்லாப் பூச்சும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதற்குள் நாலு அடுக்கு. முதலில் வண்டியின் கூட்டை அப்படியே தொட்டிக்குள் முக்கி மின்சாரம் செலுத்தி ஏற்றும் துருத்தடுப்புப் பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். இதுதான் மிக மெல்லியது, 15 மைக்ரான் அளவில் இருக்கும். கடைசியாக நிறமே இல்லாத கிளியர் கோட், 35 முதல் 50 மைக்ரான். நாம் தொடுவதும் துடைப்பதும் பாலிஷ் போடுவதும் இந்தக் கிளியர் கோட்டைத்தான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் அதில்தான் கலந்திருக்கிறது. ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லாத இந்தப் பூச்சுதான் வண்டியின் ஆயுளுக்கும் உள்ள முதல். ஒவ்வொரு பாலிஷிலும் அதில் கொஞ்சம் செலவாகிறது. வருடம் தவறாமல் காம்பவுண்ட் போட்டு இழுத்த கார்களில், கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிந்தது போல வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளியர் கோட் மெலிந்து போய், மிச்சத்தை வெயில் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு பாலிஷால் ஒன்றும் ஆகாது, திரும்பப் பெயிண்ட்தான்.

பழைய மஞ்சள் ஆட்டோக்களில் பல இந்த வகையில் சேராது. அவற்றில் கிளியர் கோட் தனியாக இருக்காது, நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருக்கும். கண்டுபிடிப்பது எளிது. வெள்ளைத் துணியில் காம்பவுண்ட் தொட்டு ஒரு மூலையில் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் ஒரே பூச்சு. ஏறாவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது.

தேய்க்கும் முறை

வண்டி நசுங்கியிருந்தால் டிங்கர் தகட்டைத் தட்டி நிமிர்த்துவார். மிச்சப் பள்ளத்துக்குப் பட்டி. பட்டி காய்ந்ததும் 80, 180 என்று முரட்டுத் தாளில் இறக்கி, 320-க்கு வருவார்கள். எண் கூடக்கூடத் தாள் நைசாகும். பிரைமர் அடித்த பிறகு 600, 800. அதற்கு மேல் நிறம், கிளியர்.

கிளியர் அடித்த மறுநாள் உற்றுப் பார்த்தால் பரப்பு ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். கன்னிலிருந்து துளியாக வந்து விழுந்த பெயிண்ட், முழுவதும் பரவிச் சமமாகும் முன்பே இறுகிவிட்டதன் அடையாளம் அது. திறந்த பட்டறையில் தூசியும் வந்து ஒட்டியிருக்கும். சாலையோரம் தார்ப்பாய் கட்டி அடிக்கும் இடத்தில் இதைக் குறை என்று சொல்ல மாட்டோம், அங்கே அப்படித்தான் வரும். இதைச் சமப்படுத்தத்தான் 1500, 2000 வாட்டர் பேப்பர். தாளைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, கை விரலால் அழுத்தாமல் ஒரு ரப்பர் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் படும் இடத்தில் மட்டும் பள்ளம் விழும். அடிக்கடி தண்ணீரை வழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். தேய்ந்த இடம் மங்கலாக இருக்கும். பள்ளத்தில் மட்டும் மினுமினுப்பு தங்கியிருக்கும். எல்லாம் ஒரே மங்கலானதும் கை நிற்க வேண்டும். இந்த வேலையில் தேர்ந்தவர் யார் என்பது இங்கேதான் தெரியும். புதிதாகக் கற்கும் பையன் எப்போதும் நாலு இழுப்பு கூடுதலாக இழுத்துவிடுவான். கதவு ஓரம், பானெட்டின் மடிப்புக் கோடு போன்ற முனைகளில் பூச்சு இயல்பாகவே மெலிந்து நிற்கும். அங்கே நாலு இழுப்பு கூடினால் கீழே பிரைமர் சிரிக்கும். நல்ல பெயிண்டர்கள் அந்த முனைகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் தேய்ப்பார்கள்.

மங்கலான பரப்பை அடுத்து 3000-இல் ஒருமுறை நைசாக்கி, கம்பளி பஃப்பில் காம்பவுண்ட், பிறகு ஃபோம் பேடில் அதைவிட நைசான பாலிஷ். முந்தைய தாளின் கீறலை அடுத்த தாள் எடுக்கிறது, அதன் கீறலைக் காம்பவுண்ட் எடுக்கிறது. நடுவில் ஒரு படியைத் தாண்டினால் பெரிய கீறல் உள்ளேயே தங்கிவிடும். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறிப் பெயிண்ட் கருகும்.

இதில் வண்டிக்காரர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்ட் தொட்டால் ஒட்டாத பக்குவத்துக்குச் சில மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் உள்ளே இறுகக் கூடுதல் நேரம் வேண்டும். குறைந்தது ஓர் இரவு, குளிர்காலத்தில் அதற்கும் மேல். "நாளைக்குப் பெருநாள், இன்று ராத்திரிக்குள் வேண்டும்" என்று நின்றால் பெயிண்டர் பச்சையாக இருக்கும் பூச்சைத் தேய்த்து மினுக்கிக் கொடுத்துவிடுவார். பெருநாள் அன்று நன்றாகத்தான் இருக்கும். பிறகு உள்ளே தங்கியிருந்த தின்னர் வெளியேற வெளியேறப் பூச்சு சுருங்கி, தாளின் கீறலெல்லாம் மேலே தெரியத் தொடங்கும். அப்போது பெயிண்டரைத் திட்டுகிறோம். அவசரப்பட்டது நாம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு

கீறலை எடுப்பது வேறு, மறைப்பது வேறு. எண்ணெயும் மெழுகும் கலந்த பாலிஷ், கீறலுக்குள் போய் உட்கார்ந்து அதை நிரப்பிவிடும். நாலு தடவை கழுவினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். ஆகவே பழைய கார் பார்க்கப் போனால் நிழலில் பார்க்காதீர்கள். வெயிலில் அல்லது செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரிந்தால் முரட்டுத்தனமாகப் பாலிஷ் போடப்பட்ட வண்டி. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவு, மட்கார்டு என்று ஒவ்வோர் இடமாக வையுங்கள். மற்ற இடத்தில் கவ்வும் காந்தம் ஓர் இடத்தில் மட்டும் பிடிக்காமல் நழுவினால் அங்கே கனமாகப் பட்டி இருக்கிறது, அடிபட்ட வண்டி. (பம்பர் பிளாஸ்டிக், அங்கே காந்தம் எப்படியும் பிடிக்காது.) அடிபட்டதைச் சரிசெய்து விற்பதில் தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் தவறு. வியாபாரத்தில் குறையை மறைப்பது நம் மார்க்கத்தில் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை விற்பவர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சொந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் நகத்தை அதன் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் பாலிஷில் போகும். மாட்டினால் போகாது. "எடுத்துத் தருகிறேன்" என்று சொல்பவர் சுற்றிலும் உள்ள நல்ல பூச்சையும் சேர்த்து எடுத்துவிடுவார்.

கீறலே விழாமல் பார்த்துக்கொள்வது அதைவிட எளிது. காலையில் தூசி படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைக்கும் பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் இருக்கிறது. மண்ணை வைத்து வண்டியைத் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, பிறகு ஈரத் துணி. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெயிலில் காயவிடாமல் உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளி பிடித்துக்கொள்ளும். பறவை எச்சம், மரப் பிசின் எல்லாம் அன்றன்றே போக வேண்டும்.

தேய்த்தது எங்கே போகிறது?

இனி, பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்பியிருக்கும் வீடுகளுக்கு. தேய்த்துக் கழித்த பூச்சு எங்கோ போக வேண்டும் அல்லவா? தண்ணீர் விட்டுத் தேய்த்தால் சேறாக வடிகிறது. காய்ந்தபடி தேய்த்தால் தூசியாகப் பறந்து, தேய்ப்பவன் மூச்சில் ஏறுகிறது.

வாட்டர் பேப்பர் பிறந்ததே இதைத் தவிர்க்கத்தான். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிரான்சிஸ் ஓக்கி என்பவர், தண்ணீரில் நனைந்தாலும் மண் உதிராத உப்புத்தாளை உருவாக்கினார். 3எம் கம்பெனி அதை வாங்கி 1921-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார் தொழிற்சாலைகளில் பெயிண்ட் தூசி பறப்பதைக் குறைத்ததுதான் அதன் பெரிய பயன். சில ஆண்டுகளிலேயே, 1923-24 வாக்கில், டூக்கோ என்ற வேகமாகக் காயும் பெயிண்ட் வந்தது. வாரக்கணக்கில் காய்ந்த கார் மணிக்கணக்கில் காய்ந்தது. ஆனால் கையால் தேய்த்தால்தான் அதற்குப் பளபளப்பு வரும். தேய்க்கும் வேலை பெருகியது. (பட்டறைகளுக்கு இந்தத் தாளைக் காட்டப்போன 3எம் ஊழியர் ரிச்சர்டு ட்ரூ, இரட்டை நிறம் அடிக்கப் பெயிண்டர்கள் படும் பாட்டைப் பார்த்து 1925-இல் உருவாக்கியதுதான் இன்று எல்லோரும் ஒட்டும் மாஸ்கிங் டேப்.)

நூறு ஆண்டு கடந்தும் பல பட்டறைகளில் காய்ந்தபடியே தேய்க்கிறார்கள், வேகமாக முடியும் என்பதால். பட்டியை மட்டும் காய்ந்தபடி தேய்ப்பதற்குக் காரணம் உண்டு: அது தண்ணீரை உறிஞ்சும், பிறகு உள்ளே துரு பிடித்து மேலே கொப்புளம் வரும். அந்த வேலைக்கு என்-95 முகக்கவசம் கட்டாயம். பிரைமரையும் கிளியரையும் தண்ணீரில்தான் தேய்க்க வேண்டும். வேலை முடிந்ததும் தரையில் உள்ள சேற்றைக் காயவிடாமல் கழுவிவிட வேண்டும். காய்ந்தால் அதுவும் தூசி.

"வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் நெஞ்சில் உள்ள தூசி இறங்கிவிடும்" என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. சாப்பிட்டது வயிற்றுக்குப் போகிறது. தூசி இருப்பது நுரையீரலில். இரண்டுக்கும் வழி வேறு.

தூசியைவிடக் கவலை தருவது ஹார்டனர். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டில் இரண்டாவது டப்பாவில் இருப்பது ஐசோசயனேட் வகை ரசாயனம். 1984-இல் போபாலில் கசிந்ததும் ஓர் ஐசோசயனேட்தான். ஹார்டனரில் உள்ளது அதுவல்ல, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொன்று. ஆனால் மூச்சுக்குழாயை நோகடிப்பது இதற்கும் குணம். உலகெங்கும் பெயிண்டர்களுக்கு வேலையால் வரும் ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் ஒன்று இதுவே. ஒருவனுக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே இழுப்பு வரும். அந்த நிலைக்குப் போனவர் கன் பிடிக்கும் வேலையையே விட வேண்டியிருக்கும். தொழில் கற்று, கை தேர்ந்து, வளைகுடாவுக்கோ சென்னைக்கோ போகும் வயதில் இப்படி ஆனால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

அடையாளத்தை வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் பார்ப்பீர்கள். வேலை நேரத்தில் ஒன்றும் இல்லாமலே இருக்கலாம்; ராத்திரி படுத்த பிறகு இருமல், நெஞ்சு இறுக்கம், வீசிங். விடுமுறையில் நாலு நாள் வீட்டில் இருந்தால் குறைகிறது, வேலைக்குப் போனதும் திரும்புகிறது. இந்தக் கணக்கு ஒத்துப்போனால் சளி மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். டாக்டரிடம் "பட்டறையில் வேலை" என்று மட்டும் சொல்லாமல், "ஹார்டனர் கலந்த பெயிண்ட் அடிக்கிறான்" என்று சொல்லுங்கள். ஊதச் சொல்லிச் செய்யும் மூச்சுப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்து விலகியவர்களுக்குக் குணமாகும் வாய்ப்பு அதிகம்.

முகத்தில் கட்டும் கைக்குட்டை இதற்குத் தடையே இல்லை. என்-95 தூசிக்கு மட்டும், ஆவிக்கு ஆகாது. கரி வடிகட்டி வைத்த ரப்பர் மாஸ்க் ஓரளவு உதவும் என்றாலும், ஐசோசயனேட்டுக்கு எச்சரிக்கும் அளவுக்கு வாடை இல்லாததால் வடிகட்டி எப்போது தீர்ந்தது என்று அணிந்தவனுக்குத் தெரியாது. முறையானது, வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் மாஸ்க். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயமும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: முகத்தோடு ஒட்டி அமரும் எந்த மாஸ்க்கும் தாடியின் மேல் சரியாக அடைக்காது, இடுக்கு வழியாக ஆவி உள்ளே வரும். தாடி வைத்திருப்பவர்களுக்குத் தலையை முழுவதும் மூடி உள்ளே காற்று செலுத்தும் தொப்பி வகை இருக்கிறது. தாடியை எடுக்க வேண்டியதில்லை. விலை அதிகம்தான். ஆனால் தினமும் கன் பிடிப்பவர் பட்டறைக்கு ஒருவர் அல்லது இருவர்தான் இருப்பார்கள். பட்டறை வைத்திருக்கும் நம்மவர்கள் இதைக் கம்ப்ரசர், கன் போல ஒரு சாமானாகவே கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். கன் அடிக்கும்போது மற்றப் பையன்களை வெளியே அனுப்பிவிடுவதற்குச் செலவே இல்லை.

தின்னரில் கை கழுவும் பழக்கமும் போக வேண்டும். அது தோலின் எண்ணெயை எடுத்து வெடிக்கச் செய்யும். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்பு போட்டால் பெயிண்ட் போய்விடும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் ஒரு கவனம். பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பெயிண்டுகளில் ஈயம் கலந்த நிறப்பொடி சேர்த்திருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உள்ள பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்று 2016-இல் மத்திய அரசு விதி செய்து, 2017 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வண்டிப் பெயிண்ட் அந்த விதிக்குள் வரவில்லை. பழைய ஆட்டோவையும் லாரியையும் சுரண்டியவரின் சட்டையில் அந்தத் தூசி வீட்டுக்கு வருகிறது. ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் மூளையை அதிகம் பாதிக்கும். அத்தா வந்ததும் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொள்ளும். அதற்கு முன் அத்தா சட்டையை மாற்றி, கை முகம் கழுவிவிட வேண்டும். வேலைத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

சிறு பட்டறைகளில் 10 பேருக்குக் குறைவாக இருப்பதால் பெரும்பாலும் இ.எஸ்.ஐ. கிடைப்பதில்லை. ஆனால் ஓட்டுநர்களுக்கும் வாகனம் பழுதுபார்ப்பவர்களுக்கும் தமிழக அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியம் தனியாக உண்டு. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிந்துகொள்ளலாம். பிள்ளைகளின் கல்வி உதவி, திருமண உதவி, விபத்து மரண உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவை உண்டு. பதிவை இடையிடையே புதுப்பிக்கவும் வேண்டும்; பலர் அதை விட்டுவிடுகிறார்கள். டிங்கர், பெயிண்டர், பாலிஷ் போடுபவர் யாராக இருந்தாலும் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம் ஆகியவற்றோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் விண்ணப்பம் போட உதவுகிறோம். ஜும்ஆ நாளில் லுஹர் நேரம் தவிர மற்ற நேரங்களில் வரலாம்.